பெல்லட்டை எடைபோட்டுப் பிரித்தால் புள்ளி ஏறுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்து 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். அறுபது குண்டுக்கு 610, 612 என்று வந்து அங்கேயே நிற்கிறது. அமெரிக்காவில் ரைபிள் சுடுகிறவர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே அடைப்பதையும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போடுவதையும் வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அதேபோல ஒரு மில்லிகிராம் தராசு வாங்கி, ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஏர் ரைபிளில் போடுகிற ஈயக் குண்டான பெல்லட்டை எடைவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் புள்ளி ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தராசைப் பற்றிக் கேட்டாலும் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று தோன்றுகிறது: குண்டு சிதறுவது பெல்லட்டாலா, துப்பாக்கியாலா, பிள்ளையாலா, அப்பாவாக நான் எதில் பணமும் நேரமும் போட்டால் அவளுக்கு உபயோகம்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கோச் இல்லை. ரேஞ்சில் துப்பாக்கிகளைப் பராமரிப்பது, காற்றுக் கசியாமல் அடைக்கிற சீல் மாற்றுவது, பிள்ளைகளுக்கு எந்த பெல்லட் சேர்கிறது என்று சோதித்துக் கொடுப்பது, இதைத்தான் பல வருடமாகச் செய்துவருகிறேன். அதனால் துப்பாக்கி, பெல்லட் விஷயத்தில் அழுத்தமாகப் பேசுவேன். நிற்கிற நிலை, மூச்சு, ட்ரிகர் இதையெல்லாம் அவளை நேரில் பார்க்கிற கோச்தான் சொல்ல வேண்டும். பார்க்காமல் நான் சொன்னால் அது ஊகம்.

முதலில் அந்த வீடியோக்காரர்கள் ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று பார்ப்போம், ஏனென்றால் அது வீண் வேலை இல்லை. அவர்கள் தோட்டாவில் பித்தளைக் கூடு, தீப்பொறி தருகிற பிரைமர், வெடிமருந்து, புல்லட் என்று நாலு பாகம். ஒவ்வொன்றிலும் வித்தியாசம் வரும், சேர்க்கிற விதத்திலும் வரும். அவர்கள் சுடுகிற தூரமும் பெரிது. 1000 கெஜத்தில், அதாவது கிட்டத்தட்ட 900 மீட்டரில், வழக்கமான .308 ரைபிள் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் பத்து மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிடும். கிளம்பும் வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் வந்தால் இலக்கில் கால் மீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடும். அங்கே தராசு சோறு போடுகிறது. நம் ஊரில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேண்டும், வீட்டில் வைத்து அடைக்கிற வேலையை நீங்கள் நினைக்கவே வேண்டாம். ஏர் ரைபிளில் அதற்குத் தேவையும் இல்லை. பெல்லட் ஒரே துண்டு ஈயம், தள்ளுவது காற்று.

சரி, இப்போது உங்கள் மகள் சுடுகிற பத்து மீட்டருக்கு வருவோம். மேட்ச் ரைபிள், அதாவது போட்டித் துப்பாக்கியின் பெல்லட் 4.5 மி.மீ. குறுக்களவு, எடை சுமாராக 530 மில்லிகிராம். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தை ஒட்டிக் கிளம்பும். பத்து மீட்டரைக் கடக்க 0.06 நொடி, அதற்குள் இறங்குவது ஏறக்குறைய 18 மி.மீ. நல்ல மேட்ச் டின்களில் நான் நிறுத்துப் பார்த்தவரை பெரும்பாலான பெல்லட்டுகள் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும். ஒரு சதவீதம் கனமான பெல்லட்டை அதே காற்று தள்ளினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் ஒரு சதவீதம் கூடும். 18 மி.மீ.யில் ஒரு சதவீதம் 0.18 மி.மீ. டார்கெட்டில் தசமப் புள்ளி ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. அகலம்; மையத்திலிருந்து 0.25-க்குள் விழுந்தால் 10.9, அதற்கு அடுத்த 0.25-க்குள் 10.8, இப்படியே இறங்கும். ஆக, ஒரே டின்னுக்குள் எடை வித்தியாசம் செய்கிற அதிகபட்சக் கெடுதல் ஒரு தசமப் புள்ளியைக்கூடத் தொடுவதில்லை. இது எனக்குச் சந்தேகமே இல்லாத பகுதி, பேனாவும் பேப்பரும் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அவள் 612 எடுக்கிறாள் என்றால் குண்டுக்குச் சராசரி 10.2. அதாவது குண்டுகள் மையத்திலிருந்து சராசரியாக 1.9 மி.மீ. தள்ளி விழுகின்றன. இந்த 1.9-இல் பெல்லட்டின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. இங்கே ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு சிதறல்கள் ஒன்றோடொன்று அப்படியே கூடாது. செங்கோண முக்கோணத்தில் 3-ம் 4-ம் சேர்ந்து 7 ஆகாமல் 5 ஆகிறதே, அந்த மாதிரி கூடும். பெரியது எதுவோ அதுதான் ஆளும், சின்னது அதற்குள் மறைந்துவிடும். தோராயமாக வைத்துக்கொள்வோம்: பிள்ளையின் கையால் வருகிற சிதறல் 1.8 மி.மீ., நல்ல பெல்லட்டின் சிதறல் 0.5 மி.மீ. இரண்டும் சேர்ந்தால் 1.87. பெல்லட்டை மாயமந்திரம் போல 100 சதவீதம் ஒரே சீராக ஆக்கிவிட்டாலும் 1.8-க்குத்தான் இறங்கும், அறுபது குண்டுக்கு ஒன்றரைப் புள்ளி லாபம். ஆனால் அவள் துப்பாக்கிக்குச் சேராத ஒரு பெல்லட், தானாகவே 1.2 மி.மீ. சிதறுகிறது என்று வையுங்கள். அப்போது மொத்தம் 2.16 ஆகிறது, அறுபது குண்டில் எட்டுப் புள்ளிக்கு மேல் போய்விடும். எடை பார்த்துப் பிரிப்பதால் வருவது அந்த ஒன்றரையில் ஒரு துணுக்கு. பேரலுக்கு, அதாவது துப்பாக்கிக் குழலுக்குச் சேர்கிற பேட்சைக் கண்டுபிடிப்பதால் வருவது இந்த எட்டில் ஏறக்குறைய ஏழு. பணமும் நேரமும் போக வேண்டிய இடம் இதுதான்.

பேட்ச் என்றால் ஒரே தடவையில் சேர்த்துத் தயாரித்த தொகுதி. டின்னின் மேல் ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்கள். பிராண்ட் பெயரோடு தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று ஏதாவது போட்டிருக்கும், அதோடு ஒரு பேட்ச் நம்பரும் இருக்கும். ஒரே பிராண்ட், ஒரே தலை அளவு, பேட்ச் நம்பர் மட்டும் வேறு என்றால்கூட ஒரே பேரலில் வேறு மாதிரி விழும், ஏனென்றால் அச்சு தேய்கிறது, ஈயக் கம்பி மாறுகிறது. எது சேரும் என்று டின்னைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. விலை கூடியது சேரும் என்பதும் இல்லை. விலை கூடின டின்னை ஒரு பேரல் துப்பிவிட்டு அதைவிட மலிவானதை ஒரே துளையில் போட்டதை ரேஞ்சில் பலமுறை பார்த்திருக்கிறேன். 50 மீட்டரில் .22 ரைபிள் சுடுகிற உலகத்தரமான ஆட்கள் தோட்டாவை எடைபோடுவதைவிட, தோட்டா தயாரிக்கிற கம்பெனிகளான இங்கிலாந்தின் ஈலிக்கோ (Eley), ஜெர்மனியில் இருக்கிற லப்புவாவின் (Lapua) சோதனை ரேஞ்சுக்கோ தங்கள் ரைபிளையே தூக்கிக்கொண்டு போய், கவ்வியில் மாட்டி, பேட்ச் பேட்சாகச் சுட்டுப் பார்த்து, சேர்ந்ததை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நமக்கும் வழி அதேதான், அளவு மட்டும் சின்னது.

கவ்வி இல்லையென்றால் மணல் மூட்டை போதும். ஏர் சிலிண்டர் வைத்த மேட்ச் ரைபிளில் உதைப்பு ரொம்பக் குறைவு, உறுதியான மேஜையில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை வைத்து அனுபவமுள்ள ஒருவர் சுட்டால் கவ்விக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை மட்டும் அள்ளி வந்து மூட்டை கட்டாதீர்கள், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துப்பாக்கியின் இரும்பில் பட்டால் துருதான். கழுவிக் காயவைத்த ஆற்று மணல் போடுங்கள். மூன்று நாலு பேட்சில் ஒவ்வொரு டின் வாங்கிக்கொள்ளுங்கள், கூட்டாளி பெற்றோர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. பேட்ச் மாற்றும்போது முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். ஒரு பேட்சை முழுக்கச் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாமல், முதல் பேட்சில் ஒரு டார்கெட் அட்டை, அடுத்ததில் ஒரு அட்டை, மறுபடி முதலாவது என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். காலையில் இருந்த சூடும் பதினொரு மணிக்கு இருக்கிற சூடும் வேறு, சுடுகிறவர் களைப்பும் வேறு. மாற்றிச் சுட்டால் அந்த வித்தியாசம் எல்லா பேட்சுக்கும் சமமாகப் போகும். ஐந்து குண்டு போட்டு, ஒரே துளையாக வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்து குண்டுக் குரூப், அதாவது அட்டையில் விழுந்த துளைகளின் கூட்டம், அதிர்ஷ்டத்தில் அழகாக வரும், அடுத்த ஐந்து அதே டின்னில் இரண்டு மடங்கு விரியும். ஒரு பேட்சுக்குப் பத்துக் குண்டு அட்டை குறைந்தது நாலு வேண்டும், அவற்றில் எது திரும்பத் திரும்ப இறுக்கமாக வருகிறதோ அது. குரூப் எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டாம், எவ்வளவு விரிகிறது என்று மட்டும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை நமுத்துப்போய்த் துளை கிழிந்து வரும், அளக்க முடியாது. சோதனையைத் தை மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் அட்டையை பிளாஸ்டிக் கவரில் மூடி வைத்திருந்து சுடுகிற நேரத்தில் எடுங்கள்.

சேர்கிற பேட்ச் தெரிந்துவிட்டால் அதே நம்பரில் கையில் இருக்கிற பணத்துக்கு எவ்வளவு முடியுமோ வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் அது கடையில் இருக்காது. அதைப் போட்டிக்கும் போட்டிக்கு முந்தைய வாரங்களுக்கும் வைத்துக்கொண்டு, தினப் பயிற்சிக்குச் சுமாரான பேட்சைப் பயன்படுத்தலாம். மாற்றும்போது குறிபார்க்கிற சைட்டைத் திருத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு பெல்லட்டை எடுத்து வெளிச்சத்தில் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முன்னால் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்து மெல்லிசான ஸ்கர்ட். உள்ளே குடைவு. காற்று வந்து தள்ளுவது அந்தக் குடைவில், அந்த மெல்லிய விளிம்புதான் பேரலின் வரிகளில் ஒட்டி அடைக்கிறது. டின் ஒருமுறை கீழே விழுந்தாலோ, கூரியர்காரர் மூட்டையைத் தூக்கி எறிந்தாலோ முதலில் நசுங்குவது இந்த விளிம்புதான். வட்டமாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருக்கும், குடைவுக்குள் சில சமயம் ஈயச் சிம்பு ஒட்டியிருக்கும். எடையில் இது தெரியவே தெரியாது, 530 இருக்க வேண்டியது 530 தான் காட்டும். ஒரு கண்ணாடித் தகட்டை விரல் கனம் சாய்த்து வைத்து பெல்லட்டை உருட்டி விடுங்கள். தலையும் ஸ்கர்ட்டும் ஒரே அளவு இல்லாததால் அது நேராகப் போகாமல் வளைந்து போகும், ஒரு டின்னில் நல்லவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் நிற்கும். தத்தித் தத்திப் போவதையும் வேறு பக்கம் திரும்புவதையும் ஒதுக்கிப் பயிற்சிக்குப் போட்டுவிடுங்கள். ராத்திரி மேஜையில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் தராசுக்குப் பதில் இதைச் செய்யுங்கள், செலவும் இல்லை. துப்பாக்கியில் வைக்கும்போதும் அதே கவனம் வேண்டும், விரல் நகம் விளிம்பில் படாமல், கோணாமல் நேராக உள்ளே தள்ளப் பழக்குங்கள்.

தராசையே வாங்கித்தான் பார்ப்பேன் என்றால் ஒன்று சொல்கிறேன். ஒரே பெல்லட்டைப் பத்துத் தடவை எடுத்து வைத்து எடுத்து வைத்து நிறுத்துப் பாருங்கள். மலிவான தராசுகள் மில்லிகிராம் வரை எண் காட்டும், ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் மாற்றி மாற்றிக் காட்டும். நீங்கள் பிரிக்க நினைக்கிற வித்தியாசமே அவ்வளவுதான். ஃபேன் ஓடினால் எண் நிற்கவே நிற்காது. நகைக்கடையில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பது அதனால்தான்.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு சங்கடம் உண்டு. திறந்த டின்னில் கிடக்கிற ஈயம் வெள்ளை பூக்கும். உப்புக் காற்றும் ஈரமும் காரணம், அதைவிட வேகமாகப் பூக்க வைப்பது புளிப்பு ஆவி. சில மரங்களிலிருந்தே அசெட்டிக் அமிலம் கசியும், மூடிய மர அலமாரிக்குள் ஈயத்தை வைத்தால் சீக்கிரம் வெளுத்துவிடும், வினிகர் பாட்டில் பக்கத்திலும் அதே கதி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அது போதும். வெள்ளை பூத்த பெல்லட்டைத் துடைத்துப் போட்டியில் போடாதீர்கள்.

துப்பாக்கிப் பக்கம் வந்தால், காற்றழுத்தத்தைச் சீராக்குகிற ரெகுலேட்டர்தான் முக்கியம். கிளம்பும் வேகம் நொடிக்கு 3 மீட்டர் ஏறி இறங்கினால் இலக்கில் 0.6 மி.மீ. மேலும் கீழும் ஆகும், இரண்டு தசமப் புள்ளிக்கு மேல். மில்லிகிராம் தராசு வாங்குகிற காசில், வேகம் அளக்கிற குரோனோகிராஃப் ஒன்றை ரேஞ்சில் நாலு பெற்றோர் சேர்ந்து வாங்கினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும். அட்டையில் குண்டுகள் பக்கவாட்டில் இறுக்கமாகவும் மேலும் கீழும் நீட்டியும் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ரொம்ப நேரம் சும்மா வைத்திருந்து சுடுகிற முதல் குண்டு மட்டும் தனியாகப் போனாலும் ரெகுலேட்டர் கசிவாக இருக்கலாம். சிலிண்டரில் காற்று நிரப்பப் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் சொல்லித் தருகிற இடங்களின் கம்ப்ரசர் நல்லது, அவர்கள் சுவாசிக்கிற காற்று என்பதால் ஈரத்தை வடிகட்டியிருப்பார்கள். 200 பார் அழுத்தம் தாங்குகிற சிலிண்டருக்கு அந்தக் காற்று போதும், தகுந்த அடாப்டர் வேண்டும், மெதுவாக நிரப்ப வேண்டும். சிலிண்டரில் பொறித்திருக்கிற காலாவதித் தேதியையும் பாருங்கள், பெரும்பாலும் 10 வருடம்தான்; போட்டியில் அந்தத் தேதிக்கு சுடுகிறவரே பொறுப்பு.

சந்தேகமானவை என்று நான் ஒதுக்கி வைத்திருப்பவையும் உண்டு. பெல்லட்டைக் கழுவி எண்ணெய் பூசுவது: 25, 50 மீட்டர் தூரம் வேகமான துப்பாக்கியில் சுடுகிறவர்கள் சிலர் சத்தியம் பண்ணுவார்கள், பத்து மீட்டர் மேட்ச் ரைபிளில் அதனால் குரூப் இறுகியதை நான் பார்த்ததில்லை. ஒரே டின்னுக்குள் தலை அளவைத் தனித்தனியாக அளந்து பிரிப்பது: தர்க்கம் சரிதான், ஆனால் ஈயம் மெத்தென்று இருப்பதால் மைக்ரோமீட்டரில் பிடித்து அளக்கும்போதே அமுங்கிவிடும், அளந்த கையே கெடுத்துவிடுகிற ஆபத்து இருக்கிறது. பேரலை எத்தனை குண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. குரூப் விரியும்போது செய்யுங்கள் என்பது என் அபிப்பிராயம், அதை விதியாகச் சொல்ல மாட்டேன்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு துணுக்கும் கணக்குதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்துப் பத்தாவதாக வந்தார், ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். எட்டுப் பேருக்குத்தான் இடம். நடுவில் இருப்பது 0.8 புள்ளி, அறுபது குண்டுக்குப் பகிர்ந்தால் குண்டுக்கு 0.03 மி.மீ. அந்த இடத்தில் நிற்கிற ஒருவர் பெல்லட்டை எடைபோட்டாலும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் மகள் இப்போது நிற்கிற இடத்தில் மீதி எல்லாப் புள்ளியும் நிலையிலும் ட்ரிகரிலும்தான் இருக்கிறது. இன்னொன்றும் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் தினமும் எடைபோட்டுக் கொடுத்தால், 9.8 விழுந்தவுடன் அவள் மனசு பெல்லட்டைத்தான் தேடும். மேலே சொன்ன மணல் மூட்டைச் சோதனையை அவள் கண் முன்னால் செய்யுங்கள், அவள் துப்பாக்கியும் அந்த பேட்சும் ஒரே துளையில் போடுவதை அவளே பார்க்கட்டும். அந்த அட்டையைத் தேதி, பேட்ச் நம்பர் எழுதி அவளிடமே கொடுத்துவிடுங்கள். அப்புறம் அந்தச் சந்தேகம் அவளுக்கு வராது, கோச் சொல்வதும் காதில் ஏறும்.

கடைசியாக, சாப்பாட்டு மேஜையில் பெல்லட் வேண்டாம். ஈயம், தொட்ட கையில் ஒட்டிக்கொண்டு வாய்க்குப் போகும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைத்தான் அதிகம் பாதிக்கும். தனியாக ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், உருட்டிப் பார்த்த கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், அவளும் ரேஞ்சிலிருந்து கிளம்புமுன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடுகிற பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது, அதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். சோதனை அட்டைகள் தயாரானதும் படமெடுத்துப் போடுங்கள், கூடவே துப்பாக்கி மாடலும் டின் லேபிளும் இருந்தால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.